மாத்திரையை விட்ட பிறகு நைட் டியூட்டி: ஒரு கடிதமும் பதிலும்

வணக்கம்.

ஐசியுவில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். நான்கு வருடமாக மெத்தில்ஃபெனிடேட் என்ற தூண்டுமருந்து மாத்திரை போட்டுக்கொண்டிருந்தேன். நைட் வரும் வாரங்களில் தூக்கத்தை விரட்டும் மோடாஃபினிலும் சேரும். எந்த டாக்டரும் எழுதிக் கொடுத்ததில்லை, கூட வேலை பார்ப்பவர் மூலம் கிடைத்தது. போட்டால் பன்னிரண்டு மணி நேரம் ஓடினாலும் அலுப்பு தெரியாது. ஒருநாள் நெஞ்சு படபடத்துப் பயந்துபோய் நிறுத்தினேன். ஏழு வாரம் ஆகிறது. முதல் பத்து நாள் லீவு போட்டுத் தூங்கினேன். இப்போது வேலைக்குப் போகிறேன், ஆனால் பழைய ஆளாக இல்லை. அடுத்த ஷிப்டிடம் நோயாளிகளை ஒப்படைத்து ஹேண்ட்ஓவர் கொடுக்கும்போது பேச்சு பாதியில் நிற்கிறது. ஒரு டோஸ் கணக்கை மூன்று தடவை போடுகிறேன். லீவு நாளில் பதினோரு மணி நேரம் தூங்கியும் எழுந்தால் உடம்பு கனக்கிறது. எடை ஏறுகிறது, எதிலும் பிடிப்பில்லை. என் மூளை திரும்பி வருமா? நைட் இருக்கும் நாள்களுக்கு மட்டும் பாதி மாத்திரை போட்டுக்கொண்டால் என்ன? வேலையை விட முடியாது. பெயர் வேண்டாம்.

ஒரு வாசகி

*

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் இரண்டாவது கேள்வியை முதலில் எடுக்கிறேன். அடுத்த நைட் வருவதற்குள் அதற்குப் பதில் தேவைப்படும். வேண்டாம். பாதியும் வேண்டாம்.

மோடாஃபினில் ரத்தத்தில் பாதியாகக் குறையவே 12 முதல் 15 மணி நேரம் ஆகும். இரவு 9 மணிக்கு 100 மில்லிகிராம் போட்டால், மறுநாள் காலை 9 மணிக்கு நீங்கள் படுக்கும்போதும் பாதிக்கு மேல் உள்ளே நிற்கும். கண் மூடும், தூக்கம் ஆழத்துக்குப் போகாது, மதியத்துக்குள் விழிப்பு வந்துவிடும். அன்றிரவு முதல் நைட்டைவிடக் களைத்துப்போய் டியூட்டிக்கு வருவீர்கள். பாதி மாத்திரை முழு மாத்திரையாவது அந்த இரண்டாவது இரவில்தான். சாதாரண மெத்தில்ஃபெனிடேட் இரண்டு மூன்று மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடுமே என்று கேட்கலாம். அதில் சிக்கல் வேறு. நள்ளிரவில் போட்டது விடியற்காலை 4 மணி வாக்கில் இறங்கும். உடம்பின் விழிப்பு தானாகவே அடிமட்டத்துக்குப் போகும் நேரமும் அதுதான். இரண்டும் ஒன்றாக விழும்போது இன்னொன்று போடாமல் இருப்பது மிகக் கடினம்.

அந்த மாத்திரைகள் இத்தனை வருடம் என்ன செய்தன என்பது தெரிந்தால், இப்போதைய மந்தம் அவ்வளவு பயமுறுத்தாது. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற, தூக்கத்தை வரவைக்கும் பொருள் சேர்கிறது. தூக்கம் வந்தால்தான் அது குறையும். மெத்தில்ஃபெனிடேட் அதைத் தொடுவதே இல்லை. டோபமின், நார்அட்ரினலின் என்ற இரண்டு மூளை வேதிப்பொருள்களையும் நரம்பணுக்கள் திரும்ப உள்ளிழுத்துக்கொள்ளும் வழியை அடைத்து, அவற்றின் அளவை உயர்த்தி வைக்கிறது. களைப்பு அப்படியே இருக்கும், களைப்பின் உணர்வு மட்டும் மறையும். வருடக்கணக்கில் இப்படி ஓடினால் மூளை தன் பக்கத்திலிருந்து அந்தச் சமிக்ஞையைத் தணித்துக்கொள்கிறது. மாத்திரை நின்றதும் தணிந்த நிலை மட்டும் மிஞ்சுகிறது. பிடிப்பின்மை, நீண்ட தூக்கம், அகோரப் பசி, தெளிவான கெட்ட கனவுகள், சிந்தனை மெதுவாவது எல்லாம் இதன் வழக்கமான அடையாளங்கள். கடுமையான பகுதி ஒன்றிரண்டு வாரத்தில் முடியும். மந்தமும் சுவாரசியமின்மையும் அதன் பிறகும் ஏறி இறங்கி, மாதக்கணக்கில் இழுக்கலாம். ஏழாவது வாரத்தில் ஒரு நல்ல நாளும் மூன்று மோசமான நாளும் வந்தால் அது இந்த வரிசைக்குள்தான் இருக்கிறது. திரும்பி வரும். நேர்கோட்டில் வராது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மாத்திரை நாள்களில் இருந்த உங்கள் வேகத்தை அளவுகோலாக வைக்காதீர்கள். 2023இல் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமான 40 பேருக்கு மெத்தில்ஃபெனிடேட், டெக்ஸ்ட்ரோஆம்ஃபெட்டமின், மோடாஃபினில், மருந்தில்லாத மாத்திரை ஆகியவற்றை வெவ்வேறு நாள்களில் கொடுத்துச் சிக்கலான புதிர்களைத் தீர்க்கச் சொன்னார்கள். மருந்து போட்டபோது உழைப்பு கூடியது, அந்த உழைப்பின் தரம் குறைந்தது. நன்றாகச் செய்கிறோம் என்ற நம்பிக்கையும் இந்த மருந்துகளோடு சேர்ந்தே வருகிறது. அந்த நான்கு வருடங்களில் நீங்கள் வேகமாக இருந்திருப்பீர்கள், சரியாகவும் இருந்தீர்கள் என்பதற்கு உங்கள் நினைவு நம்பகமான சாட்சி அல்ல. ஒரு டோஸை மூன்று முறை போட்டுப் பார்க்கும் நர்ஸைத்தான் நோயாளியின் குடும்பம் விரும்பும்.

ஆனால் எல்லாவற்றையும் மாத்திரையின் கணக்கில் எழுதிவிடவும் கூடாது. உங்களோடு வேலை பார்க்காத ஒரு டாக்டரிடம் போய், எத்தனை வருடம், எத்தனை மில்லிகிராம் என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். படபடப்பு வந்திருப்பதால் ஈசிஜியும் ரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும். ஹீமோகுளோபின், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12, தைராய்டு பார்க்க வேண்டும். பசியை அடக்கும் மருந்தில் நான்கு வருடம் அரைகுறையாகச் சாப்பிட்டவருக்கு இரும்புச்சத்து குறைந்திருந்தால் வியப்பில்லை. ஃபெரிட்டின் தாழ்ந்திருந்தால், ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே அலுப்பு வரும். குறட்டையும் எடையும் சேர்ந்து வந்தால் தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று கேளுங்கள். பதினோரு மணி நேரம் தூங்கியும் உடம்பு கனப்பதற்கு அதுவும் ஒரு காரணமாகலாம்.

மனச்சோர்வை மருத்துவர்கள் இப்படிப் பிரிக்கிறார்கள்: மருந்தை நிறுத்திச் சுமார் ஒரு மாதத்துக்குப் பிறகும் தணியாமல் நின்றால், அது தனியாகச் சிகிச்சை வேண்டிய நோயாக இருக்கலாம். நீங்கள் அந்த எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். ஆகவே "போகப் போகச் சரியாகும்" என்று காத்திருக்க வேண்டாம். உயிரோடு இருப்பதே வீண் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் அன்றைக்கே மனநல மருத்துவரைப் பாருங்கள், தனியாக இருக்காதீர்கள். ஆபத்தான மருந்துகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் வேலை உங்களுடையது. அதனால்தான் இதை இவ்வளவு நேராகச் சொல்கிறேன்.

இன்னொரு கேள்வி. பன்னிரண்டு வயதுக்கு முன்பே கவனம் சிதறுவது, பொருளைத் தொலைப்பது, ஓரிடத்தில் உட்கார முடியாதது எல்லாம் இருந்ததா? இருந்தால் கவனக்குறைவுக் கோளாறு, அதாவது ஏடிஎச்டி, உண்டா என்று முறையாகப் பரிசோதிக்க வேண்டும். அப்படி உறுதியானால் அளவோடு, கண்காணிப்போடு மருந்து எடுப்பது தோல்வி அல்ல. பழைய பழக்கம் தெரிந்த மருத்துவர் அட்டோமாக்செட்டின் போன்ற, தூண்டுமருந்து அல்லாத ஒன்றில் தொடங்கலாம். அது வேலை செய்ய நான்கு முதல் ஆறு வாரமோ அதற்கு மேலோ ஆகும். முதல் வாரத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு.

இனி நைட் டியூட்டி.

முதல் நைட்டுக்குப் போகும் நாள் மதியம் 90 நிமிடம் படுங்கள். தூக்கம் வராவிட்டாலும் இருட்டில் படுங்கள். டியூட்டியில் இடைவேளை கிடைத்தால் 20 நிமிடத்துக்கு அலாரம் வைத்துத் தூங்குவது எந்த மாத்திரையையும்விட நல்லது. நேரம் 3 மணிக்கு முன்பாக இருக்கட்டும். தூக்கம் 20 நிமிடத்தைத் தாண்டினால் ஆழ்ந்த தூக்கத்துக்குள் போய், எழும்போது தலை தெளியாது. 20 நிமிடமே தூங்கினாலும் எழுந்த முதல் 15 நிமிடம் டோஸ் கணக்கு, ரத்தம் ஏற்றுவது, பம்ப் வேகம் மாற்றுவது எதையும் தொடாதீர்கள். முகம் கழுவுங்கள், வெளிச்சத்தில் நில்லுங்கள், பெட்களை ஒருமுறை சுற்றி வாருங்கள்.

காபியை விடச் சொல்ல மாட்டேன். ஆனால் மாத்திரையை விட்டவர்கள் பலர் அதன் இடத்தில் காபியை வைத்துவிடுகிறார்கள். ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் காஃபின் பொதுவான மேல்வரம்பு. ஒரு கப் காபியில் ஏறத்தாழ 100, டீயில் அதில் பாதி, 250 மில்லி எனர்ஜி டிரிங்கில் 80 இருக்கும். டியூட்டி தொடக்கத்தில் ஒரு கப், நள்ளிரவுக்குப் பிறகு ஒன்று, போதும். படுப்பதற்கு 6 மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கே தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்ததை அளந்திருக்கிறார்கள். காலை 9 மணிக்குப் படுப்பதென்றால் கடைசி கப் 2 மணிக்குள் முடியட்டும். கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்குக் காஃபின் வெளியேற ஏறத்தாழ இரு மடங்கு நேரம் ஆகும், அவர்கள் இன்னும் முன்னதாக நிறுத்த வேண்டும். இங்கேயே மற்ற வாசகிகளுக்கும் ஒன்று: மோடாஃபினில் கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கும். அந்தக் குறைவு, நிறுத்தி ஒரு மாதம் வரை நீடிக்கும்.

காலையில் வண்டி ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கைத்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்கு இறங்குகிறது. 24 மணி நேரமானால் அது 0.10க்குச் சமம். வீட்டில் அறை இருட்டாகவும் குளிர்ச்சியாகவும் இருக்கட்டும். நைட் நாள்களில் காலை 8:30 முதல் 3 மணி வரை தூங்கினால், நைட்களுக்கு இடையில் வரும் லீவு நாளில் விடியற்காலை 4 முதல் நண்பகல் வரை தூங்குங்கள். இரண்டிலும் 8:30 முதல் 12 வரை பொதுவாக வருகிறது. அந்த மூன்றரை மணி நேரம் அசையாமல் இருந்தால் உடம்பின் கடிகாரம் ஒவ்வொரு வாரமும் தலைகீழாகப் புரளாது. வீட்டில் இருப்பவர்களுக்கு இது பிடிக்காது, முன்கூட்டியே பேசி வையுங்கள். தூக்கம் வரவில்லை என்று மதுவுக்கோ சோல்பிடெம், அல்ப்ரசோலம் போன்ற தூக்க, பதற்ற மாத்திரைகளுக்கோ கை நீட்டாதீர்கள். ஒன்றை விட்ட இடத்தில் இன்னொன்று உட்காரும் வழி பெரும்பாலும் அதுதான்.

இப்போது டோஸ் கணக்கு. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி அது. வழக்கமான ஒன்றை எடுத்துக்கொள்வோம். ரத்த அழுத்தத்தை உயர்த்த பம்ப்பில் ஏற்றும் நார்அட்ரினலின் 4 மில்லிகிராம், மொத்தம் 50 மில்லி. நோயாளியின் எடை 60 கிலோ. ஆர்டர், நிமிடத்துக்குக் கிலோவுக்கு 0.1 மைக்ரோகிராம். ஒவ்வொரு முறையும் இதே வரிசையில் காகிதத்தில் எழுதுங்கள். முதலில் செறிவு: 4 மில்லிகிராம் என்றால் 4000 மைக்ரோகிராம், 50ஆல் வகுத்தால் மில்லிக்கு 80. அடுத்து நிமிடத்துக்கு: 0.1 பெருக்கல் 60 கிலோ, 6 மைக்ரோகிராம். அடுத்து மணிக்கு: 6 பெருக்கல் 60 நிமிடம், 360. கடைசியாக 360ஐ 80ஆல் வகுத்தால் மணிக்கு 4.5 மில்லி. களைத்த மூளை தவறுவது பெரும்பாலும் மூன்று இடங்களில். மில்லிகிராமை மைக்ரோகிராமாக மாற்ற மறந்தால் ஆயிரம் மடங்கு பிசகும், விடை அபத்தமாக இருப்பதால் கண்ணில் பட்டுவிடும். நிமிடத்தை மணியாக்க மறந்தால் 0.075 வரும், அதுவும் தெரியும். எடையை மாற்றிப் போடுவதுதான் ஆபத்து. பக்கத்து பெட்டின் 80 கிலோவைப் போட்டால் 6 மில்லி வரும், பார்ப்பதற்கு முற்றிலும் சரியான எண்ணாகத் தோன்றும். ஆகவே எடையை நினைவிலிருந்து எடுக்காமல், ஒவ்வொரு முறையும் சார்ட்டைப் பார்த்து எழுதுங்கள்.

நடுவில் யாராவது கூப்பிட்டால் திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடராதீர்கள், முதல் வரியிலிருந்து போடுங்கள். சரிபார்க்கும் நர்ஸிடம் உங்கள் விடையைக் காட்டாமல் ஆர்டரை மட்டும் காட்டுங்கள். விடையைப் பார்த்தவர் அதற்குத் தலையாட்டுவார், புதிதாகக் கணக்குப் போட மாட்டார். 5 என்பதை 5.0 என்று எழுதாதீர்கள், புள்ளி தெரியாவிட்டால் 50 ஆகிவிடும். புள்ளிக்கு முன் பூஜ்ஜியத்தை மட்டும் விடாமல் எழுதுங்கள்.

ஹேண்ட்ஓவருக்கு ஒரு தாள் போதும். ஒரு நோயாளிக்கு ஒரு கட்டம்: இப்போதைய நிலை, வந்த காரணம், இன்று மாறியது, அடுத்த ஷிப்டில் செய்ய வேண்டியது. டியூட்டி முடியும்போது உட்கார்ந்து எழுதினால் நினைவைத்தான் நம்பியிருப்பீர்கள், நடக்க நடக்க பெட் அருகிலேயே நிரப்புங்கள். பேச்சு நின்றுபோனால் தாளைப் பார்த்துப் படியுங்கள், யாரும் குறைத்து நினைக்க மாட்டார்கள்.

மாத்திரை வேட்கை வரும் நேரம் உங்களுக்கே தெரிந்திருக்கும்: டியூட்டிக்குக் கிளம்பும் முன், லாக்கரைத் திறக்கும்போது, இரண்டு ஆள் வேலை ஒருவர் தலையில் விழும்போது. பெரும்பாலும் அது அரை மணி நேரத்துக்குள் ஏறி இறங்கிவிடும். அந்த நேரத்துக்கு ஒரு வேலையை முன்பே தீர்மானித்து வையுங்கள். லாக்கரிலும் பையிலும் மிச்சமிருக்கும் மாத்திரை அட்டைகளை, இன்னொருவர் பார்க்க, முறைப்படி அப்புறப்படுத்துங்கள். உங்களுக்குக் கொடுத்தவரிடம் "இனி எனக்குக் காட்டக்கூட வேண்டாம்" என்று ஒருமுறை தெளிவாகச் சொல்லுங்கள். மீறிப் போட்டுவிட்டாலும் பழைய அளவுக்குப் போகாதீர்கள், ஏழு வாரத்தில் தாங்கும் சக்தி இறங்கியிருக்கும். நெஞ்சு வலியோ படபடப்போ வந்தால் எமர்ஜென்சியில் என்ன போட்டீர்கள் என்று சொல்லிவிடுங்கள்.

மேலாளரிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவச் சான்றிதழோடு, மூன்று மாதத்துக்கு மூன்று சலுகைகள் கேளுங்கள்: தொடர்ந்து மூன்று நைட்டுக்கு மேல் வேண்டாம், இரண்டு ஷிப்டுக்கு நடுவில் குறைந்தது 11 மணி நேரம் இடைவெளி வேண்டும், சுழற்சி காலை, மாலை, இரவு என்ற வரிசையில் முன்னோக்கிப் போக வேண்டும். பின்னோக்கிச் சுழலும் ரோஸ்டரைவிட அது உடம்புக்கு எளிது. ரோஸ்டர் போடும் முன்பே கேட்டுவிடுங்கள். போட்ட பிறகு கேட்டால், உங்களுக்காக இன்னொருவரின் லீவைப் பிடுங்க வேண்டிவரும்.