எக்கோவின் எண்களை விடுங்கள், தலையணையை எண்ணுங்கள்

கேள்வி: அம்மாவுக்கு 63 வயது, தேயிலைக் கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவர். முதல் எக்கோவில் (இதய ஸ்கேன்) இதயம் இரத்தம் தள்ளும் அளவு 62 வீதம். ஆறு மாதம் கழித்து வேறு இடத்தில் எடுத்தபோது 55. பாதி இதயம் செத்துவிட்டதா? இன்டர்நெட்டில் பார்த்துப் பயந்துபோயிருக்கிறோம். கொழும்புக்குக் கொண்டுபோய் குழாய் விட்டு அளக்கும் டெஸ்ட் எடுக்கவா? தம்பியின் ஸ்மார்ட் வாட்ச் வேறு தினம் ஒன்று காட்டுகிறது. இப்போது மூன்று தலையணை வைத்துத்தான் தூங்குகிறார். ராத்திரியில் அடிக்கடி எழும்ப வேண்டியிருப்பதால் நீர் போகும் குளிசையைப் பத்து நாளாக நிறுத்திவிட்டோம்.
(ஹட்டன் பக்கத் தோட்டமொன்றிலிருந்து ஒரு மகள்)

பதில்: அம்மா முன்பு எத்தனை தலையணையில் படுத்தார்? ஒன்றில் என்றால், எக்கோ ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிட்டு நாளைக் காலையே கிளினிக் கொப்பியோடு பக்கத்து வைத்தியசாலைக்குப் போங்கள். நீங்கள் போகிற போக்கில் கடைசியில் எழுதியதுதான் எனக்கு முதல் வரி. படுத்தால் மூச்சு முட்டுவது, நுரையீரலில் நீர் கோக்கத் தொடங்கியதன் அடையாளமாக இருக்கலாம். அந்த நீரை இறக்கத்தான் குளிசை தந்தார்கள். அதை நிறுத்தச் சொன்னது யார்? ராத்திரிக் குளிரில் லயத்து வீட்டுக்கு வெளியே கக்கூசுக்குப் போவது கஷ்டம்தான், தெரியும். காலையில் குடிக்கும்படி நேரத்தை மாற்றித் தர முடியுமா என்று வைத்தியரைக் கேளுங்கள். விட்டுப்போனதை ஈடுகட்ட இரண்டு மூன்றாகக் கொடுத்துவிடவும் வேண்டாம். அப்படிச் செய்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

சரி, 62க்கும் 55க்கும் வருவோம். மலையில் நிறை பார்த்த கொழுந்து ஃபெக்டரியில் அதே கிலோ காட்டியதா என்று அம்மாவையே கேட்டுப் பாருங்கள். எக்கோவிலும் தராசு பல. ஒருவர் இதய அறையின் அகலத்தை ஒரே கோட்டில் அளந்து மிச்சத்தைக் கணக்கால் ஊகிப்பார். இன்னொருவர் இரண்டு கோணத்தில் உட்சுவரைச் சுற்றி வரைந்து அளப்பார். அனுபவசாலி கண்ணால் பார்த்தே எழுதுவதும் உண்டு. ஐந்து, பத்து வித்தியாசம் இதிலேயே வந்துவிடும். 55ம் நல்ல எண்தான். நல்ல இதயமும் உள்ளே 120 மில்லிலீட்டர் இருந்தால் ஒரு துடிப்பில் 70 போலத்தான் தள்ளும். நூறு யாருக்கும் வராது.

இதயம் நிமிடத்துக்கு எத்தனை லீட்டர் தள்ளுகிறது என்பது இன்னும் வழுக்கும். இரத்தம் வெளியேறும் வாயின் விட்டத்தை அளந்து, அதிலிருந்து வாயின் பரப்பைக் கணக்கிட்டு, டொப்ளரில் (இரத்தம் ஓடும் வேகத்தைக் காட்டும் ஸ்கேன்) தெரியும் ஓட்டத்தோடும் துடிப்போடும் பெருக்குவார்கள். விட்டம் 2 சென்டிமீட்டர் என்றால் 4.7 லீட்டர் வருகிற அதே ஆளுக்கு, 1.8 என்று அளந்தால் 3.8 தான். திரையில் இரண்டு மில்லிமீட்டர் கை நகர்ந்ததற்கு ஏறக்குறைய ஒரு லீட்டர் போய்விட்டது!

நீங்கள் கேட்கும் குழாய் டெஸ்டில், கழுத்து நாளம் வழியாகக் குழாயை இதயத்துக்குள் விட்டு, குளிர்ந்த சேலைனைச் செலுத்தி, அது கலந்த இரத்தம் நுரையீரல் நாடியில் எவ்வளவு குளிர்ந்து போகிறது என்று பார்ப்பார்கள். அதிலும் ஒரு தடவை அளந்ததை நம்பாமல் மூன்று தடவை எடுத்துச் சராசரி போடுவார்கள். அது தீவிர சிகிச்சைப் பிரிவுக்காரர்களுக்கும், சில விசேஷ இதய நோயாளிகளுக்கும். இந்த இரண்டு எண்ணுக்காக அம்மாவுக்கு வேண்டாம். வாட்ச் நாடித்துடிப்பை எண்ணும். அதற்குமேல் அதைக் கேட்காதீர்கள்.

எண் நல்லது என்பதால் இதயமும் நல்லது என்று நினைத்துவிடவும் கூடாது. தள்ளும் பலம் சரியாக இருந்தும் இதயச் சுவர் விறைத்துப்போனால், அது நிரம்பச் சிரமப்படும். இரத்தம் பின்னால் நுரையீரலில் தேங்கும். பிரஷர் உள்ள வயதான பெண்களிடம் இதை நிறையவே பார்க்கிறோம். அதனால்தான் தலையணையை அவ்வளவு அழுத்திக் கேட்டேன்.

இன்றைக்கே ஒன்று பாருங்கள். கணுக்காலுக்கு மேலே முன் எலும்பில் பெருவிரலால் சில விநாடி அழுத்தி எடுங்கள். குழி விழுந்து அப்படியே நின்றால் வைத்தியரிடம் சொல்லுங்கள். உப்புக் கூடிய கருவாட்டையும் அச்சாறையும் ஓரமாக வையுங்கள். அப்புறம் வீட்டுக்கு ஒரு தராசு: தினமும் காலையில் சாப்பிடுமுன் நிறை பார்த்துக் கொப்பியில் எழுதுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்க வேண்டாம். உட்கார்ந்திருந்தும் மூச்சு வாங்கினால், இருமலில் நுரை வந்தால், விடியட்டும் என்று பார்க்காமல் 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள்.