முதல் தலைமுறை ஐபேடை வாங்கலாமா?

கேள்வி: துபாயிலிருந்து ஊர் திரும்பிய என் மச்சான், 2010-ஆம் ஆண்டின் கடைசியில் அங்கே வாங்கிய முதல் தலைமுறை ஐபேடை நான்காயிரம் ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். சிம் போட முடியாது, வைஃபை மட்டும் உண்டு. கீறல் இல்லாமல் புதிது போல இருக்கிறது. பிளஸ் ஒன் படிக்கும் என் மகளின் பாடங்களுக்கும், எங்கள் நாட்டுப்படகில் வரைபடம் பார்ப்பதற்கும் உதவும் என்று நினைக்கிறேன். வாங்கலாமா?
– வாசகர், கீழக்கரை

பதில்: பணம் கொடுத்து வாங்க வேண்டாம். உறவுக்குள் இப்படி மறுப்பது சங்கடம்தான். ஆனால் வாங்கிய பிறகு மச்சானிடம் குறை சொல்வது அதைவிடச் சங்கடம்.

இந்தக் கருவியின் குறை வெளித்தோற்றத்தில் தெரியாது. 2010 ஏப்ரலில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த இதில் இருப்பது வெறும் 256 எம்பி நினைவகம் (ரேம்). 2012 செப்டம்பரில் ஐபேடை இயக்கும் மென்பொருளின் புதிய பதிப்பான ஐஓஎஸ் 6 வெளிவந்தபோது ஆப்பிள் நிறுவனம் இதைக் கைவிட்டுவிட்டது, ஐஓஎஸ் 5.1.1-தான் இதற்குக் கிடைத்த கடைசி மென்பொருள். இதற்கு அடுத்த ஆண்டே வந்த ஐபேட் 2, இரு மடங்கு நினைவகமும் இரண்டு கேமராக்களும் கொண்டிருந்ததோடு, ஐஓஎஸ் 9 வரை தாக்குப்பிடித்தது. முதல் ஐபேடை வாங்கியவர்களுக்குப் புதிய மென்பொருள் பெறும் வாய்ப்பு இரண்டரை ஆண்டுகூட நீடிக்கவில்லை.

மகளின் படிப்புக்கு வருவோம். இதில் கேமராவே கிடையாது. இன்றைய செயலிகள் எவையும் இதில் ஏறமாட்டா, வாட்ஸ்அப்பும் ஓடாது. இணையதளங்களின் நம்பகத்தன்மையைச் சரிபார்க்கும் சான்றிதழ்களில் பல, இந்தப் பழைய மென்பொருளுக்குத் தெரியாதவை என்பதால், பல தளங்கள் எச்சரிக்கை காட்டும் அல்லது திறக்கவே திறக்காது. தமிழ் விசைப்பலகையை ஆப்பிள் 2013-இல் ஐஓஎஸ் 7-உடன்தான் சேர்த்தது. ஆகவே உங்கள் மகளால் இதில் வழக்கம்போலத் தமிழில் தட்டச்சு செய்யவும் இயலாது. தமிழ்நாடு அரசின் பாடநூல்கள் பிடிஎப் கோப்புகளாக இலவசமாகக் கிடைக்கின்றன, அவற்றைக் கணினி வழியாக ஏற்றிப் படிக்கலாமே என்று நீங்கள் கேட்கக்கூடும். படிக்கலாம்; ஆனால் படங்கள் நிறைந்த உயிரியல் நூல் போன்ற பெரிய கோப்பைத் திறந்து பக்கங்களைத் தள்ளத் தள்ள, நினைவகம் போதாமல் செயலி தானாகவே மூடிக்கொள்வதற்கு வாய்ப்பு அதிகம்.

படகு விஷயத்தில் இன்னும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜிபிஎஸ் இல்லை. சுற்றியுள்ள வைஃபை இணைப்புகளை வைத்துத்தான் அது தன் இருப்பிடத்தைக் கணிக்கிறது. கரையை விட்டு நகர்ந்த பிறகு அப்படிப்பட்ட இணைப்பு எங்கிருந்து வரும்? வரைபடம் திரையில் தெரியும், படகு எங்கே நிற்கிறது என்பது தெரியாது. 1974, 1976 இந்திய-இலங்கை ஒப்பந்தங்களின்படி வகுக்கப்பட்ட கடல் எல்லைக்கு இப்பால் தொழில் செய்கிறவர்கள், இருப்பிடத்தைத் தவறாகக் காட்டக்கூடிய ஒரு கருவியை நம்பிப் போகக்கூடாது. அதற்கென்றே செய்யப்பட்ட கையடக்க ஜிபிஎஸ் கருவிதான் சரி. ஹைதராபாத்திலுள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் வெளியிடும் அலை, காற்று முன்னறிவிப்புகளையும் மீன் கிடைக்கக்கூடிய பகுதிகளின் விவரங்களையும் கரையிலேயே உங்கள் செல்பேசியில் பார்த்துக்கொண்டு புறப்படலாம்.

மச்சான் சும்மா தருவதாக இருந்தால் பாட்டுக் கேட்கவும் பழைய படங்களைப் பார்க்கவும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் இரண்டு இடங்களைப் பார்த்துவிடுங்கள். கீழ் விளிம்பில் சார்ஜர் செருகும் அகலமான துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால், வரிசையாக இருக்கும் சிறு தகடுகளில் பச்சைக் களிம்பு பூத்திருக்கிறதா என்று தெரியும். நம் உப்புக் காற்றுக்கு அது சீக்கிரம் பூக்கும். பிறகு கருவியைச் சமமான மேசைமீது மல்லாக்க வைத்து, கண்ணை மேசை மட்டத்துக்குத் தாழ்த்திப் பக்கவாட்டில் பாருங்கள். கண்ணாடி நடுவில் உப்பியிருந்தாலோ, விளிம்பில் இடைவெளி தெரிந்தாலோ பேட்டரி வீங்கியிருக்கிறது என்று பொருள். அதைச் சார்ஜ் செய்யவே கூடாது.

அந்த நான்காயிரத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, இப்போதும் பாதுகாப்பு மென்பொருள் வந்துகொண்டிருக்கும் ஆண்ட்ராய்டு டேப்லெட்டை வாங்குவது மகளுக்கு உதவும். பழைய ஐபேட்தான் வேண்டுமென்றால், பிந்தைய மாடலாகப் பார்த்து, விற்பவர் தம் ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறிய பிறகே பணத்தைக் கொடுங்கள். இல்லாவிட்டால் கருவி பூட்டிக்கொண்டு உங்களுக்குத் திறக்காது.

கேள்வி: புதிய நிறுவனம் ஒன்று முதன்முறையாக டேப்லெட் வெளியிடுகிறது. முந்திக்கொள்வதா, பொறுத்திருப்பதா?
– வாசகி, தொண்டி

பதில்: பொறுத்திருங்கள். 2011 அக்டோபரில் வந்த முதல் ஆகாஷ் டேப்லெட்டை வாங்கியவர்கள், அழுத்தி அழுத்தித் தொட வேண்டிய திரையோடு மல்லுக்கட்டினார்கள். மறு ஆண்டு வந்த ஆகாஷ் 2-இல் அந்தத் திரையே மாற்றப்பட்டது. அவசரத் தேவை என்றால் மட்டும், எத்தனை ஆண்டுகளுக்கு மென்பொருள் தருவோம் என்று நிறுவனம் எழுத்தில் சொல்லியிருக்கிறதா, இராமநாதபுரத்திலோ மதுரையிலோ பழுதுபார்க்கும் மையம் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள்.