தோட்டப்புறப் பிள்ளை விமானி ஆகலாமா? கடன் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியவை

கேள்வி: "மகன் ஐந்தாம் படிவம் படிக்கிறான். பேராக்கில் ஒரு தோட்டத்துச் சிற்றூரில் இருக்கிறோம். விமானி ஆகவேண்டும் என்பதிலேயே நிற்கிறான். முதலில் சின்ன விமானம் ஓட்டப் பழகட்டுமா, இல்லை கடன் வாங்கி நேராக விமானக் கல்லூரியில் சேர்த்துவிடலாமா?"

சின்ன விமானத்தில் தொடங்குங்கள். அதற்கும் முன்னால் மருத்துவப் பரிசோதனை. கல்லூரி, கடன், ஜாமீன் கையெழுத்து எல்லாம் அதன் பிறகுதான்.

நான் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டமொன்றில் பிறந்தவன். அப்பா பால்மரம் வெட்டியவர், நான் செம்பனை ஆலையில் வேலை செய்கிறேன். ஏர்லைன் விமானி இல்லை. பிபிஎல் எனப்படும் தனியார் விமானி உரிமம் வைத்திருக்கிறேன், கையில் காசு சேரும்போது வாடகை விமானத்தில் பறக்கிறேன். ஆகவே ஏர்லைன் சம்பளத்தைப் பற்றி என்னிடம் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. பறக்கக் கற்பதைப் பற்றிச் சொல்ல நிறைய உண்டு.

மருத்துவத்தை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், என் அத்தை மகன் ஒரு கல்லூரியில் முன்பணம் கட்டிச் சேர்ந்த பிறகுதான் அவனுக்குச் சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரித்துப் பார்க்க வராது என்று தெரிந்தது. கட்டிய பணம் திரும்பவில்லை. அத்தை நகைகளை அடகு வைத்துக் கொடுத்த பணம் அது. இந்த நிறக்குறை பெரும்பாலும் தாய்வழியாக ஆண்பிள்ளைகளுக்கு வருவது. பையனின் தாய்மாமன் யாருக்காவது இருந்தால் கட்டாயம் சோதித்துப் பாருங்கள். புள்ளிப் படச் சோதனையில் தவறினால் மேல்சோதனைகள் உண்டு, அவற்றிலும் தவறினால் வர்த்தக விமானிக்கு வேண்டிய கிளாஸ் 1 சான்றிதழ் கிடைப்பது மிகக் கடினம். கண்ணாடி போடுவது தடை இல்லை, அதற்காக யாரும் பயப்பட வேண்டாம். இருதயத் துடிப்பு, காது, இரத்தம், சிறுநீர் எல்லாம் பார்ப்பார்கள். இன்சுலின் போடும் அளவுக்கு இனிப்புநீர் இருந்தால் பெரும்பாலும் வாய்ப்பு அடைபட்டுவிடும். பரிசோதனையை மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் அங்கீகரித்த மருத்துவரிடம்தான் செய்ய வேண்டும். 2018 முதல் டிசிஏ எனப்பட்ட பழைய சிவில் விமானப் போக்குவரத்துத் துறையின் இடத்தில் இருப்பது இந்த ஆணையம்தான். தனியார் உரிமத்துக்குக் கிளாஸ் 2 போதும். ஆனால் ஏர்லைன்தான் குறி என்றால் முதலிலேயே கிளாஸ் 1 எடுத்துவிடுங்கள்.

உரிமங்களின் கணக்கு எளிது. அனைத்துலக விதிப்படி தனியார் உரிமத்துக்குக் குறைந்தது 17 வயது, 40 மணி நேரப் பறப்பு. வர்த்தக உரிமத்துக்கு 18 வயது, 200 மணி நேரம். அங்கீகாரம் பெற்ற முழுப் பயிற்சியில் சேர்ந்தால் இது 150 ஆகக் குறையும். ஏர்லைன் கேப்டனுக்கான உரிமத்துக்கு 21 வயதும் 1500 மணி நேரமும். இந்நாட்டில் முழு வர்த்தகப் பயிற்சிக்கு மூன்று லட்சம் வெள்ளிக்கு மேல் ஆகிறது. தனியார் உரிமத்துக்கு அதில் சிறு பங்குதான் ஆகும், அதையும் பல இடங்களில் மணிக்கணக்காகக் கட்டிப் பறக்கலாம். இதுதான் நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு முக்கியம். கையில் காசு இல்லாத மாதம் நிறுத்திக்கொள்ளலாம், வட்டி ஓடாது. 2020இல் கோவிட் வந்தபோது உரிமம் கையில் இருந்தும் வேலை இல்லாமல், கடன் தவணை மட்டும் ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகளை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. வேலைச் சந்தை நம் கையில் இல்லை. கடனை எப்போது வாங்குவது என்பது நம் கையில் இருக்கிறது.

இனி பறப்பது. பையன் கற்கப்போவது அனேகமாக செஸ்னா 172இல் அல்லது பைப்பர் வாரியரில். இரண்டும் நான்கு இருக்கை, ஒற்றை இஞ்சின். செஸ்னாவின் இறக்கை தலைக்கு மேலே, பைப்பருக்கு இருக்கைக்குக் கீழே. 172 விற்பனைக்கு வந்தது 1956இல். உலகில் வேறெந்த விமானமும் இத்தனை எண்ணிக்கையில் செய்யப்பட்டதில்லை. அது மாணவனின் கையைப் பொறுத்துக்கொள்ளும், ஆனால் எதையும் மறைக்காது. ரடரை, அதாவது வாலில் உள்ள திசைத் தகட்டை அசைக்கும் கால்மிதியை, மிதிக்காமல் திருப்பினால் மூக்கு எதிர்ப்பக்கம் வழுக்குவதை உட்கார்ந்த இடத்திலேயே உணரலாம்.

முதல் பாடங்களில் ஸ்டால் வரும். பலரும் இதை இஞ்சின் நின்றுபோவது என்று நினைக்கிறார்கள். இஞ்சின் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும். மூக்கை மேலும் மேலும் தூக்கும்போது, காற்று இறக்கையை ஏறக்குறைய பதினைந்து பதினாறு பாகைக்கு மேல் சந்தித்தால் மேற்பரப்பை ஒட்டி ஓடாமல் பிய்ந்துபோகும், தூக்கும் விசை விழும். எச்சரிக்கை ஒலி ஊதும், விமானம் நடுங்கும், மூக்கு தொப்பென்று கீழே போகும். அப்போது உடம்பு முழுக்கச் சொல்வது "இழு, மேலே இழு" என்றுதான். செய்ய வேண்டியதோ தள்ளுவது. மூக்கைத் தாழ்த்தி, முழு விசை கொடுத்து, ஓர் இறக்கை சாய்ந்தால் ரடரால் பிடித்து, வேகம் வந்த பிறகு மெல்ல நிமிர்த்த வேண்டும். பயத்துக்கு எதிராகக் கை போகப் பழகும் அந்த நாள்தான் என்னைப் பொறுத்தவரை ஒருவர் விமானியாகும் நாள். இதைப் பெரிய விமானத்தில் முதன்முதலாகக் கற்க முடியாது. சின்ன விமானம் அவசியம் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இதுவே காரணம்.

நம் நாட்டு வெப்பத்தில் பனிக்கட்டி என்றால் நம்புவீர்களா? காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுக்கும் கார்பரேட்டர் வைத்த பழைய இஞ்சின்களில் அது உண்மையான ஆபத்து. குறுகிய குழாயில் காற்று வேகமெடுக்கும்போதும் பெட்ரோல் ஆவியாகும்போதும் உள்ளே வெப்பநிலை இருபது முப்பது பாகை கூட விழும். வெளியே 28 பாகை, ஈரப்பதம் நிறைந்த காலை வேளை என்றால், அந்த ஈரம் உள்ளே பனியாகப் படிந்து காற்றின் வழியை அடைக்கும். விசையைக் குறைத்து இறங்கும்போது வாய்ப்பு அதிகம். இஞ்சினின் சுழற்சி எண் சத்தமில்லாமல் குறையும், பிறகு இஞ்சின் இருமும். கார்பரேட்டருக்குள் சூடான காற்றை விடும் பிடியை முழுதாகத் திறந்தால் முதலில் நிலைமை இன்னும் மோசமாகும், உருகிய நீர் இஞ்சினுக்குள் போவதால். பயந்து உடனே மூடிவிடக்கூடாது. பொறுத்திருந்தால் சுழற்சி ஏறும். குளிர்நாட்டுப் பாடம் என்று இதை ஒதுக்கும் மாணவர்களைப் பார்க்கிறேன், வருத்தமாக இருக்கிறது. ஈரமான நம் காற்றில்தான் இது தேவை.

அடுத்தது, இஞ்சின் நின்றால் எங்கே இறங்குவது. பயிற்சியில் ஆசிரியர் திடீரென்று விசையைக் குறைத்துவிட்டு "எங்கே?" என்பார். 172 காற்றில்லா நாளில் ஆயிரம் அடி உயரத்துக்கு ஒன்றரைக் கடல் மைல் வரை மிதந்து போகும். மூவாயிரம் அடியில் இருந்தால் எட்டுக் கிலோமீட்டருக்குள் ஓர் இடம் வேண்டும். ஈப்போவிலிருந்து வடக்கே வந்தால் கிழக்கே தித்திவங்சா மலை, மேற்கே கிளேடாங் தொடர், நடுவில் சுண்ணாம்புக் குன்றுகள், பழைய ஈயச் சுரங்கக் குட்டைகள், மீதி செம்பனை. மேலிருந்து பார்க்க முற்றிய செம்பனை பசும் மெத்தையாகத் தெரியும். தோட்டத்தில் வளர்ந்தவனுக்குத் தெரியும், அந்த மட்டைகளுக்குக் கீழே என்ன நிற்கிறது என்று. மரத்துக்கு மரம் ஒன்பது மீட்டர், முக்கோண நடவு. அதனால் வரிசைக்கு வரிசை எட்டு மீட்டர்கூட இருக்காது. செஸ்னாவின் இறக்கை நுனிக்கு நுனி பதினோரு மீட்டர். வரிசைக்குள் நுழையவே முடியாது.

ஆனால் மறுநடவுப் பகுதி இருக்கிறது. இருபத்தைந்து ஆண்டுக்கு ஒருமுறை பழைய மரங்களைச் சாய்த்துவிட்டு, மண்ணை மூடக் கொடிப்பயிர் விட்டிருப்பார்கள். அந்த வெளிர்ப்பச்சை தூரத்திலிருந்தே தெரியும். மட்டமான நிலமா, படிக்கட்டு வெட்டிய மேடா, வாய்க்கால் எந்தத் திசையில் ஓடுகிறது, வெட்டிய தண்டுகளை எங்கே குவித்திருப்பார்கள் என்பதெல்லாம் என் ஆசிரியருக்கு நான் சொன்னேன். கோலாலம்பூரில் வளர்ந்த மனிதர், வியந்து கேட்டார். வேலைக்குப் போகுமுன் தொழிலாளர்கள் கூடும் பெரட்டுக் களத்தில் காதில் விழுந்த பேச்சு மூவாயிரம் அடியில் உயிர் காக்கும் அறிவாகிறது. தோட்டத்தில் வளர்ந்தது விமானிக்கு ஒரு குறை என்று உங்கள் பையனிடம் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆனால் பள்ளித் திடலை நம்பி இறங்கக்கூடாது. கெட்டித் தரையில்கூட 172 ஓடி நிற்க ஏறக்குறைய 175 மீட்டர் வேண்டும், அங்கே பிள்ளைகளும் விளையாடிக்கொண்டிருப்பார்கள்.

வகுப்பைக் காலையில் பதிவு செய்யுங்கள். மதியத்துக்கு மேல் மலைப்பக்கம் இடிமேகம் கட்டிவிடும். மிக அதிகாலையும் வேண்டாம், பள்ளத்தாக்கில் மூடுபனி கலைய நேரமாகும். புகைமூட்டக் காலத்தில் வாரக்கணக்கில் பறக்க முடியாமல் போகலாம், அதைப் பாடத் தாள்கள் படிக்கும் காலமாக வைத்துக்கொள்ளலாம். வானிலை, விமானச் சட்டம், திசையறிதல் என்று தாள்கள் பல.

தமிழ்ப்பள்ளியில் படித்ததால் ஆங்கிலம் இடிக்குமோ என்று பல பெற்றோர் என்னிடம் கேட்கிறார்கள். அனைத்துலக அளவுகோலில் நான்காம் நிலை தேவை, அதற்குத் தனித் தேர்வு உண்டு. வானொலிப் பேச்சு கட்டுக்கோப்பானது, ஒரே வாக்கியங்கள் திரும்பத் திரும்ப வரும். நம் நாட்டு விமானங்களின் பதிவெண் 9M என்று தொடங்கும், வானொலியில் அதை "நைனர் மைக்" என்பார்கள். அங்கிருந்து வீட்டிலேயே சத்தம்போட்டுப் பழகலாம். எதிர்பாராத ஒன்று நடக்கும்போது சொந்த வாக்கியத்தில் விளக்கத் தெரிய வேண்டும், அதற்குத்தான் உண்மையான ஆங்கிலம். அதோடு ஐந்தாம் படிவ இறுதியில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் கணிதம், இயற்பியல், ஆங்கிலம் மூன்றையும் கைவிடாமல் பார்த்துக்கொள்ளட்டும். கல்லூரிகள் பொதுவாக முதலில் கேட்பது இவற்றைத்தான்.

கிளாஸ் 1 கையில் வந்ததும் ஓர் அறிமுகப் பறப்புக்கு அழைத்துப் போங்கள். ஆசிரியர் பக்கத்தில் இருக்க, பையனே பிடித்து ஓட்டிப் பார்க்கும் ஒரு மணி நேரம். இடம் இருந்தால் நீங்களும் பின்னிருக்கையில் உட்காருங்கள். இறங்கியதும் அவன் எதைப் பற்றிப் பேசுகிறான் என்று கவனியுங்கள். படம் எடுத்ததைப் பற்றி மட்டும் என்றால் எஸ்.பி.எம். முடிவு வரும்வரை பொறுக்கலாம். காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது, தரை தொடும் முன் ஆசிரியர் ஏன் ரடரை மிதித்தார் என்று கேட்டால், அங்கேயே நின்று அடுத்த வகுப்புக்குப் பணம் கட்டிவிட்டு வாருங்கள்.