பூமிக்குள் அரைக் கிலோ

அன்புள்ள ஐயா,

சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். ரப்பர் தோட்டத்தை விட்டு வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அம்மா முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். அவருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு வந்தது. ‘கருப்பொருள்’ என்ற ஒன்று பூமியைத் துளைக்கத் தொடங்கிவிட்டதாம். வெயில் கூடுவதும் கோலாலம்பூரில் நடைபாதை உள்வாங்கியதும் அதனால்தானாம். போன வாரம் பெய்த மழையில் எங்கள் வீட்டுப் பின்புறம் அண்டா அளவுக்கு ஒரு குழி விழுந்தது. அன்றிலிருந்து அம்மா சரியாகத் தூங்குவதில்லை. நீங்கள் அறிவியல் ஆசிரியராக இருந்தவர். சொல்லுங்கள், அது பூமியை ஏதாவது செய்யுமா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் குழி. நான்கு கம்பு நட்டுக் கயிறு கட்டுங்கள், பிள்ளைகளை அண்டவிடாதீர்கள், நகராண்மைக் கழகத்தில் சொல்லி ஆள் வரவழையுங்கள். உங்கள் ஊரைச் சுற்றி நிற்பவை சுண்ணாம்புக் குன்றுகள். அந்தப் பாறை மண்ணுக்கடியிலும் ஓடுகிறது. தண்ணீர் அதைக் கரைத்துக் கரைத்துப் பொந்தாக்கிவிடும். பெருமழையில் மேல்மண் உள்ளே இறங்கும். கிந்தா பள்ளத்தாக்கில் இது பழைய கதை. 2024 ஆகஸ்டில் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா சாலையில் நடைபாதை உள்வாங்கிய துயரத்துக்கும் காரணம் காலுக்குக் கீழேதான் இருந்தது.

அடுத்து, சொல். கருப்பொருள் என்பது அகப்பாடலில் வருவது: ஒவ்வொரு திணைக்கும் உரிய தெய்வம், உணவு, மரம், பறவை, பறை. (நம் தோட்டத்துக்கு ஒரு திணை வகுத்தால் பால்மரமும், காலையில் ஆள் கூட்டும் பிரட்டுமணியும் அதில் சேரும்.) நீங்கள் கேட்பது கரும்பொருள், ஆங்கிலத்தில் டார்க் மேட்டர் (dark matter). அந்தப் பெயரும் எனக்குப் பிடித்ததில்லை. கறுப்பாக இருப்பது ஒளியை விழுங்கும். இதுவோ ஒளியைத் தொடுவதே இல்லை, கண்ணாடியைவிடத் தெளிவானது. கண்ணாடிப் பொருள் என்று பெயர் வைத்திருந்தால் உங்கள் அம்மா நன்றாகத் தூங்கியிருப்பார்.

அவர் தூங்காமல் இருக்கும் இந்த நேரத்தில் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு லயத்து வாசலில் நின்றால் வெளிக்காட்டில் என்ன தெரியும்? பால்மரம் வெட்டுபவர்களின் தலைவிளக்குகள் மட்டும்தான். ஆள் தெரியாது. ஆனாலும் விளக்கு மரத்துக்கு மரம் நகர்வதைப் பார்த்தே, அடியில் ஒருவர் நடக்கிறார் என்று தெரிந்துகொள்வோம். வானியலாளர்கள் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் 1970-இல் ஆந்திரமேடா விண்மீன் மண்டலத்தை அளந்து சொன்னதும் ஏறக்குறைய இதுதான். விளிம்பில் இருப்பவை நடுப்பகுதிக்கு ஈடான வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. கண்ணுக்குத் தெரியும் பொருளின் ஈர்ப்பு மட்டும் அந்த வேகத்தில் அவற்றைப் பிடித்து வைத்திருக்காது. தெரியாத ஏதோ ஒன்று இழுத்துப் பிடிக்கிறது. பிரபஞ்சத்தின் மொத்தப் பொருளில் ஆறில் ஐந்து பங்கு அதுதான் என்பது இன்றைய கணக்கு.

அப்படியானால் அது பூமியைத் துளைக்கவில்லையா? துளைக்கிறது. பதிவில் பேசியவர் அந்த ஒன்றைச் சரியாகச் சொன்னார், ‘தொடங்கிவிட்டது’ என்பதுதான் பொய். பூமி பிறந்த நாளிலிருந்து, சுமார் 450 கோடி ஆண்டுகளாக, அது நம் வழியே போய்க்கொண்டுதான் இருக்கிறது. சூரியன் நம்மையும் இழுத்துக்கொண்டு நொடிக்கு 220 கிலோமீட்டருக்கு மேல் பால்வீதியைச் சுற்றுகிறது. நாம்தான் அதற்குள் ஓடுகிறோம் என்றும் சொல்லலாம். கை சுவரில் முட்டி நிற்பது அணுக்களின் மின்விசை ஒன்றையொன்று தள்ளுவதால். கரும்பொருள் அந்த விசைக்குக் கட்டுப்படுவதில்லை. ஆகவே சுவரும் இல்லை, பூமியும் இல்லை அதற்கு.

எவ்வளவு? நம் பகுதியில் ஒரு கன சென்டிமீட்டருக்கு அணுக்கருவிலுள்ள ஒரு புரோட்டானின் நிறையில் மூன்றில் ஒரு பங்கு அளவு. பூமியின் மொத்தக் கனஅளவால் பெருக்கினால், எந்த நொடியிலும் பூமிக்குள் இருப்பது சுமார் அரைக் கிலோ. சற்றுக் கூடலாம், அவ்வளவுதான்.

வெயிலைப் பற்றிய கேள்வி இதைவிடச் சுவையானது. கரும்பொருள் துகள்கள் பூமிக்குள் சிக்கி, ஒன்றையொன்று அழித்து, வெப்பம் உண்டாக்கினால்? ஆய்வாளர்கள் இதை உண்மையாகவே கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். பூமிக்குள்ளிருந்து கசியும் வெப்பம் சுமார் 45 லட்சம் கோடி வாட். உலகெங்கும் ஆழ்துளைகளில் அளந்தது. அதில் பாதியளவு யுரேனியம், தோரியம் போன்றவற்றின் சிதைவால் வருகிறது. கரும்பொருள் பாறையோடு பலமாக மோதும் வகையாக இருந்தால் இந்த வெப்பம் பல மடங்கு எகிறியிருக்க வேண்டும். எகிறவில்லை. பூமியையே வெப்பமானியாக வைத்து அந்த வகையைத் தள்ளிவிட்டார்கள். உங்கள் வீட்டுத் தகரக் கூரையைக் கொதிக்க வைப்பது சூரியனும், நாம் எரித்த எண்ணெயும் நிலக்கரியும்தான்.

மறைக்காமல் இன்னொன்றையும் சொல்கிறேன். 2014-இல் இயற்பியலாளர்கள் லிசா ராண்டாலும் மாத்யூ ரீஸும் ஒரு கருத்தை முன்வைத்தார்கள்: பால்வீதியின் நடுத்தளத்தில் கரும்பொருள் மெல்லிய தட்டாகப் படிந்திருந்தால், சூரியன் அதைக் கடக்கும்போதெல்லாம் தொலைவிலுள்ள வால்மீன்கள் கலைந்து பூமிப் பக்கம் வரலாம். டைனோசர்களை முடித்ததும் அப்படி வந்த ஒன்றாக இருக்கலாம் என்றார்கள். அழகான ஊகம். ஆனால் கையா விண்கலம் அளந்த நட்சத்திர அசைவுகள் அப்படி ஒரு கனத்த தட்டுக்கு அதிக இடம் தரவில்லை. இருந்தாலும்கூட அந்தச் சுழற்சி சுமார் மூன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு ஒருமுறை. வீட்டுக் கடனுக்கு அவ்வளவு தவணை கிடையாது.

அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் ஒரு பழைய தங்கச் சுரங்கத்தில், ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்தில், பத்து டன் செனான் வாயுவைத் திரவமாக்கி வைத்துக்கொண்டு ஒரு கரும்பொருள் துகளாவது முட்டுமா என்று காத்திருக்கிறார்கள். இன்னும் ஒன்றும் முட்டவில்லை. உலகின் தேர்ந்த கருவிகளுக்கே இடிபடாதது உங்கள் பின்கட்டில் வந்து அண்டா அளவுக்குப் பள்ளம் பறிக்கிறதாம்!

அம்மாவிடம் இவ்வளவும் சொல்ல வேண்டாம். அரைக் கிலோ என்று மட்டும் சொல்லுங்கள். முப்பது ஆண்டுகள் ஒட்டுப்பாலைத் தராசில் வைத்தவர். அரைக் கிலோ எவ்வளவு என்று எனக்கும் உங்களுக்கும் தெரிந்ததைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.