ஆப்பிரிக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மலேரியாவும் குடற்புழுவும் சேர்ந்தே வருவது ஏன்? புழு மாத்திரை கொடுத்தால் போதாதா?

போதாது. அல்பெண்டசோல் என்ற அந்த மாத்திரை புழுவைக் கொல்லும். மலேரியாக் கிருமியைத் தொடாது.

சேர்ந்து வருவதற்கு முதல் காரணம் இடம். மேற்குக் கென்யாவில் விக்டோரியா ஏரிப் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டுக் குளம்புத் தடத்தில் தேங்கிய மழைத்தண்ணீரே அனோபிலிஸ் கொசு முட்டையிடப் போதும். அதே ஈரமண்ணில் குடற்புழுக்களில் ஒன்றான கொக்கிப்புழுவின் குஞ்சு காத்திருந்து, வெறுங்கால் தோலைத் துளைத்து ஏறிவிடும். கொசுவலை இல்லாத வீடும் கழிப்பறை இல்லாத வீடும் பெரும்பாலும் ஒன்றுதான்.

சேதம் இரத்தத்தில். மலேரியா சிவப்பணுக்களை உடைக்கிறது. கொக்கிப்புழு குடல்சுவரைக் கவ்வி உறிஞ்சுகிறது. அங்கே அதிகம் காணப்படும் நெகேட்டர் இனக் கொக்கிப்புழு ஒன்று நாளைக்குச் சுமார் 0.03 மில்லிலிட்டர் இரத்தம் குடிக்கும். அற்பம்தான், ஆனால் 100 புழு இருந்தால் தினமும் 3 மில்லிலிட்டர், கூடவே இரும்புச்சத்தும் போகும். மூன்று வேளையும் மக்காச்சோளக் களி தின்னும் பிள்ளைக்குப் புது இரத்தம் எப்படி ஊறும்?

அடிக்கடி மலேரியா வந்து ஓரளவு எதிர்ப்புச்சக்தி பெற்ற இந்த வயதினருக்குக் காய்ச்சலே இல்லாமலும் கிருமி இருக்கும். வாத்தியார் கண்ணுக்கு அது வெறும் சோம்பல். கொசுவலையும் கைக்குழந்தைக்குப் போனது போகத்தான் இவர்களுக்கு.

புழு இருந்தால் மலேரியா கூடுமா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. கொக்கிப்புழு கூட்டுகிறது என்று சில, இன்னொரு குடற்புழுவான உருளைப்புழு மலேரியாவின் கடுமையைக் குறைக்கிறது என்று சில. அதற்காகப் புழுவை விட்டுவைக்கச் சொல்பவர் யாருமில்லை. என்னைக் கேட்டால், மாத்திரை கொடுக்கும் நாளிலேயே விரல்நுனி இரத்தத்தில் மலேரியாவையும் சோதித்துவிடலாம்.