சிறிய பாய்மரப் படகில் பூமை எப்படிக் கட்டுக்குள் வைப்பது? மெயின்ஷீட்டை இறுக்கிப் பிடித்தால் போதாதா?

காற்றுக்கு எதிர்ச்சாய்வாகச் செல்லும்போது அடங்கியிருக்கும் பூம் (பாயின் அடிவிளிம்பைப் பிடித்திருக்கும் கிடைக்கம்பு), காற்றைப் பின்னால் வாங்கத் தொடங்கியதும் மேலே தூக்குகிறது என்றும், சில வேளைகளில் சொல்லாமல் கொள்ளாமல் மறுபக்கம் பாய்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். பூமை இழுத்துப் பிடிக்கும் கயிறான மெயின்ஷீட்டை இன்னும் இறுக்கினால் இவை இரண்டும் நிற்குமா என்பது உங்கள் கேள்வி. நிற்காது. பூம் மேலே தூக்குவதும் மறுபக்கம் பாய்வதும் வெவ்வேறு சிக்கல்கள். முதலாவதைத் தடுப்பது வாங் என்னும் கயிறு, இரண்டாவதைத் தடுப்பது பெரும்பாலும் சுக்கான் பிடித்திருக்கும் கை.

பூமின் முன்முனை பாய்மரத்தோடு ஒரு மூட்டில் இணைந்திருப்பதால், பின்முனை பக்கவாட்டிலும் மேலும் கீழும் அசைய முடியும். பூம் படகின் நடுக்கோட்டுக்கு அருகில் இருக்கும் வரை மெயின்ஷீட் அதற்கு நேர் கீழே நிற்கிறது. ஆகவே அந்த ஒரே கயிறு பூமை உள்ளேயும் இழுக்கிறது, கீழேயும் அழுத்துகிறது. பூமை வெளியே விடவிட, கயிறு சாய்ந்து கிட்டத்தட்டக் கிடைமட்டமாகிவிடுகிறது. அந்த நிலையில் எவ்வளவு இழுத்தாலும் பூம் உள்ளே வருமே தவிர, கீழே இறங்காது. பாயில் நிறையும் காற்று பூமைத் தூக்க, பாயின் மேல்பகுதி முறுக்கிக்கொண்டு காற்றை வழியவிடுகிறது.

வாங் பாய்மரத்தின் அடியிலிருந்து பூமின் முன்பகுதிக்குச் சாய்வாகச் செல்லும் கப்பிக் கயிறு. பாய்மரத்தின் அடியிலேயே அது ஊன்றியிருப்பதால் பூம் எந்தக் கோணத்தில் நின்றாலும் அதனோடு சேர்ந்து திரும்பி, கீழ்நோக்கியே இழுக்கிறது. பூமின் மூட்டுக்கு மிக அருகில் பிடிப்பதால் நெம்புவிசை அதற்குச் சாதகமாக இல்லை. கப்பிகளைக் கொண்டு இழுவிசையை நான்கு மடங்கு, எட்டு மடங்கு என்று பெருக்குவது அதனால்தான். அதை எவ்வளவு இறுக்குவது என்பதற்கு நான் பின்பற்றும் எளிய முறை ஒன்று உண்டு. எதிர்ச்சாய்வில் செல்லும்போது மெயின்ஷீட்டை நன்றாக இழுத்துப் பூமைக் கீழே இறக்கி, அப்போது வாங்கில் தோன்றும் தொய்வை மட்டும் எடுத்துக் கட்டிவிட வேண்டும். பிறகு மெயின்ஷீட்டைத் தளர்த்தினாலும் பூம் அதே உயரத்தில் நிற்கும். நுணுக்கமாகச் சரிசெய்ய, பூமுக்குக் கீழிருந்து அண்ணாந்து பாருங்கள்: பாயை விறைப்பாக வைக்க அதில் செருகிய சட்டங்களில் மேலே உள்ளதும் பூமும் ஏறக்குறைய இணையாகத் தெரிந்தால் முறுக்கு அளவாக இருக்கிறது.

குறைவான வாங், கூடுதலான வாங் இரண்டுமே தொல்லைதான். பின்காற்றில் வாங் தளர்ந்திருந்தால் பாயின் உச்சி பாய்மரத்தையும் தாண்டி முன்னே சாய்ந்துவிடும். அங்கே விழும் காற்று படகைப் பூம் இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக உருட்டத் தொடங்கும், உருளல் ஒவ்வொரு முறையும் கூடிக்கொண்டே போய்ப் படகு கவிழும். பக்கக் காற்றில் வாங் மிக இறுக்கமாக இருந்தாலோ, திடீரென வீசும் காற்றில் படகு சாயும்போது பூமின் முனை தண்ணீரில் பதிந்துவிடும். தண்ணீர் அதைப் பின்னுக்குத் தள்ளுவதால் மெயின்ஷீட்டை முழுவதும் விட்டாலும் பூம் வெளியே போகாது. அந்த நேரத்தில் வாங்கை அவிழ்த்துவிட்டால் முனை மேலே எழுந்து பாய் காற்றை உதறிவிடும். ஆகவே வாங்கின் நுனி, உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரே இழுப்பில் விடுபடும் தூரத்தில் இருக்க வேண்டும். பல சிறிய படகுகளில் அது எட்டாத இடத்தில் கட்டப்பட்டிருப்பதைப் பார்க்கிறேன். மாற்றுவதற்குப் பெரிய செலவும் ஆகாது.

இனி மறுபக்கம் பாய்வது. மெயின்ஷீட் பூம் வெளியே போவதைத்தான் தடுக்கிறது, உள்ளே வருவதை அன்று. காற்று நேர் பின்னால் இருக்கும்போது ஓர் அலை படகின் பின்புறத்தைச் சற்றே தள்ளினாலும் காற்று பாயின் மறுபுறத்தில் விழுந்துவிடும். அவ்வளவுதான், பூம் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு வீசப்படும். இதற்கு என் முதல் பரிந்துரை, நேர் பின்காற்றில் செல்லாதீர்கள் என்பதே. காற்றைப் பூமுக்கு எதிர்ப்பக்கத்துப் பின்மூலையில் 15 முதல் 20 பாகை வரை ஒதுக்கி வைத்துக்கொண்டு சென்றால் சுக்கானில் சிறு பிசகு நேர்ந்தாலும் இடம் இருக்கும்.

பூம் பாய்வதற்கு முன் படகு எச்சரிக்கை தரும். இதுவரை தொங்கிக்கொண்டிருந்த முன்பாய் திடீரென எதிர்ப்பக்கம் போய் நிறையப் பார்க்கும். கையில் கனமாக இருந்த மெயின்ஷீட் ஒரு நொடி லேசாகும், பாயின் பின்விளிம்பு மெல்லப் படபடக்கும், பூமின் முனை ஒரு சாண் எழும்பும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் தலையைக் குனிந்துகொண்டு, படகின் முன்முனையைப் பூம் இல்லாத பக்கம் சிறிது திருப்புங்கள். காற்று மீண்டும் பாயின் சரியான புறத்தில் விழும்.

நாமாகவே பூமைப் பக்கம் மாற்ற வேண்டியிருக்கும்போது, அதாவது ஜைப் செய்யும்போது, படகு வேகமாக ஓடிக்கொண்டிருக்கும் தருணமே சிறந்தது. புதியவர்கள் பயந்து வேகம் குறையட்டும் என்று காத்திருப்பார்கள். கணக்கு அதற்கு நேர்மாறானது. மணிக்கு 25 கிலோமீட்டர் காற்றில் படகு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் பாய் உணரும் காற்று 15 கிலோமீட்டர் மட்டுமே. படகு நின்றுவிட்டால் முழு 25. விசை வேகத்தின் இருமடியைப் பொறுத்துக் கூடுவதால், பூம் ஏறக்குறைய 2.8 மடங்கு விசையோடு வரும்.

அடியில் கனமான கீல் பொருத்திய பெரிய படகில் மெயின்ஷீட்டை இழுத்துப் பூமை நடுவுக்குக் கொண்டுவந்து நிறுத்தி, மெதுவாகத் திரும்பி, காற்று மறுபுறம் விழுந்ததும் கயிற்றைக் கட்டுப்பாட்டோடு வெளியே விட வேண்டும். டிங்கி எனப்படும் சிறு திறந்த படகில் அவ்வளவு நேரம் கிடைக்காது. மெயின்ஷீட்டின் மடிப்புகளைச் சேர்த்துப் பிடித்து, பாயில் அழுத்தம் குறையும் கணத்தில் ஒரே இழுப்பாக இழுத்து, பூம் நடுவைத் தாண்டும்போதே சுக்கானை நேராக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் படகு தொடர்ந்து காற்றை நோக்கிச் சுழன்று கவிழும். லேசர் என்னும் ஒற்றையாள் டிங்கி வகையில் தளர்ந்த மெயின்ஷீட் பின்பலகையின் மூலையில் மாட்டிக்கொள்ளும் பழக்கம் உண்டு. பூம் தாண்டும்போது ஒரு முழம் கயிற்றைச் சட்டென்று உள்ளே இழுத்தால் அது தவிர்க்கப்படும். எந்தப் படகானாலும் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. காற்று மிகக் கடுமையாக இருந்தால் ஜைப்பையே விட்டுவிட்டு, காற்றுக்கு எதிராக முழுவதும் சுற்றி வந்து பக்கம் மாற்றுவதில் குறைச்சல் ஒன்றும் இல்லை.

பூமை முன்பக்கம் இழுத்துக் கட்டும் பிரிவென்டர் கயிறு பற்றியும் கேட்டிருந்தீர்கள். டிங்கிக்கு அது வேண்டாம்: காற்று பாயின் மறுபுறத்தில் விழுந்தால் பூம் விடுபட வழியின்றிப் படகு பக்கவாட்டில் அமுக்கப்படும். கீல் படகில் கட்டுவதானால் பூமின் கடைமுனையிலிருந்து முன்முனைக்குச் சென்று, அங்கிருந்து உட்காரும் இடத்துக்குத் திரும்பி வருமாறு கட்டுங்கள். பூமின் நடுவில் கட்டினால், முனை தண்ணீரில் பதியும்போது பூம் அந்த இடத்தில் மடங்கி ஒடியக்கூடும்.

பாயை இறக்கும்போது பூமைத் தாங்க எதுவும் இருக்காது என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். பாய்மர உச்சியிலிருந்து பூமின் முனைக்கு வரும் தாங்கு கயிறு இருந்தால், பாயை அவிழ்க்கும் முன் அதை இறுக்குங்கள். இல்லையென்றால் ஒருவர் பூமைக் கையில் ஏந்திக்கொள்ள, மற்றவர் பாயை இறக்கட்டும்.