விளம்பரத்தை வெட்டச் சொல்லாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் வீட்டுப் பரணில் பத்துப் பதினைந்து வீடியோ கேசட்டுகள் கிடக்கின்றன. எல்லாம் பண்டிகை விடுமுறைகளில் அப்பா டிவியிலிருந்து பதிவு செய்தவை. உறைகளின் மேல் "லீவு, காலை 9 முதல்" என்று அவர் கையெழுத்து. அதே நிகழ்ச்சிகளில் சில யூடியூபில் இருக்கின்றன, ஆனால் பார்த்தால் அன்றைக்கு இருந்த ஏதோ ஒன்று இல்லை. கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரும் கடையில் விசாரித்தேன். விளம்பரம், இடைவெளி எல்லாவற்றையும் நீக்கிவிட்டு நிகழ்ச்சிகளைத் தனித்தனியாகத் தருவார்களாம். கொடுத்துவிடலாமா? அன்றைய நிகழ்ச்சி நிரலை அப்படியே திரும்பப் பார்க்க வழி உண்டா?

ம.

அன்புள்ள ம.,

அந்த ஏற்பாட்டுக்குச் சம்மதிக்காதீர்கள். நீங்கள் தேடுவது அவர்கள் நீக்கப்போகும் பகுதியில்தான் இருக்கிறது. நிகழ்ச்சிகள் வேறெங்காவது கிடைத்துவிடும். இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவே வந்த அறிவிப்பாளர், திரைக் கடிகாரம், "அடுத்து" என்று போட்ட அட்டை, அந்த வாரத்துக்கென்றே எடுத்த விளம்பரம் எல்லாம் உங்கள் கேசட்டில் மட்டுமே மிஞ்சியிருக்கலாம். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் மாரியன் ஸ்டோக்ஸ் என்பவர் 1979 முதல் 2012-ல் இறக்கும்வரை டிவி செய்திகளை இரவு பகலாக, விளம்பரங்களோடு சேர்த்துப் பதிவு செய்துவந்தார். சுமார் 70,000 கேசட்டுகள். இன்டர்நெட் ஆர்க்கைவ் அவற்றைப் பெற்றுக்கொண்டது. எதையும் வெட்டாமல் வைத்திருந்ததுதான் அந்தச் சேகரிப்பின் மதிப்பு.

யூடியூபில் ஏதோ குறைவதாக உங்களுக்குத் தோன்றுவது பிரமை அல்ல. நம் நாட்டில் இருந்த பால் (PAL) ஒளிபரப்பு முறையில் விநாடிக்கு 25 ஃபிரேம், அதாவது முழுப் படம். ஒவ்வொன்றிலும் இரண்டு ஃபீல்டு, அதாவது அரைப் படம். ஒற்றைப்படை வரிகள் ஒரு கணத்திலும், இரட்டைப்படை வரிகள் 1/50 விநாடி கழித்தும் எடுக்கப்பட்டவை. ஆகவே ஸ்டூடியோவில் ஒருவர் கையை அசைத்தால் விநாடிக்கு 50 நிலைகளில் அந்த அசைவு பதிவாகியிருக்கும். (அமெரிக்கா, ஜப்பான் போன்ற நாடுகளின் என்டிஎஸ்சி முறையில் இது ஏறத்தாழ 60.) இணையத்தில் ஏற்றுகிறவர்கள் பெரும்பாலும் இதை 25 ஆக்கிவிடுகிறார்கள். பாதி அசைவு போய்விடுகிறது. நேரில் நடப்பதுபோல் இருந்த அறிவிப்பாளர் விட்டுவிட்டு அசைகிறார். போதாக்குறைக்கு 4:3 படத்தை அகலத்திரைக்கு இழுத்து முகங்களை வீங்க வைத்துவிடுகிறார்கள். சினிமாப் படங்களுக்கு இந்த அசைவு நஷ்டம் இல்லை, அவற்றில் ஃபிரேம் எண்ணிக்கையே அவ்வளவுதான். பட்டிமன்றம், பேட்டி, மேடை நிகழ்ச்சி, அறிவிப்பு இவற்றில்தான் உறுத்தும்.

கேசட்டை உடனே பிளேயரில் போட்டுவிடாதீர்கள். கண்ணாடி ஜன்னல் வழியாக டேப் சுருளைப் பாருங்கள். வெள்ளைப் பொடிபோல் இருந்தால் பூஞ்சை. அதை ஓட்டினால் டேப்பைப் படிக்கும் ஹெட் அடைபடுவதோடு அடுத்த கேசட்டுக்கும் பரவும். அதைத் தனியே எடுத்து வைத்து, பூஞ்சை நீக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். மற்றவற்றை ஒரு நாள் அறை வெப்பத்தில் வைத்துவிட்டு, முழுக்க முன்னோக்கி ஓட்டித் திரும்பச் சுற்றுங்கள். ஆண்டுக்கணக்கில் ஒரே நிலையில் கிடந்த சுருளின் இறுக்கம் அப்போதுதான் சமமாகும். டேப் அறுந்தால் செல்லோடேப் வேண்டாம். அதன் பசை கசிந்து ஹெட்டில் ஒட்டும். ஒட்டுவதற்கென்றே ஸ்ப்ளைசிங் டேப் இருக்கிறது. கேசட்டின் பின்புற மூலையில் உள்ள பிளாஸ்டிக் துண்டு இன்னும் உடையாமல் இருந்தால் உடைத்துவிடுங்கள். தவறிப்போய்க்கூட மேலே பதிவாகாது.

வீட்டு விசிஆர் இன்னும் ஓடும் நிலையில் இருந்தால் அதைத் தூக்கிப் போடாதீர்கள். மூன்று மணி நேரக் கேசட்டில் ஆறு மணி நேரம் பிடிக்க எல்பி என்ற பாதி வேகத்தில் பதிந்திருந்தால் தடத்தின் அகலம் பாதிதான். பதிவு செய்த கருவியிலேயே அது ஒழுங்காக ஓட வாய்ப்பு அதிகம்.

கடைக்காரரிடம் கட்டாயம் கேட்க வேண்டியது நீலத் திரையைப் பற்றி. சிக்னல் பலவீனமானால் பல விசிஆர்கள் படத்தை மறைத்து நீல நிறத்தைக் காட்டிவிடும். ஒரு பதிவு முடிந்து அடுத்தது தொடங்கும் புள்ளிகளில்தான் சிக்னல் தடுமாறும், அறிவிப்பாளர் பாதி வாக்கியத்தில் தெரிவதும் அங்கேதான். மெனுவில் அந்த வசதியை அணைத்துவிட வேண்டும். படத்தைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றும் மலிவான யுஎஸ்பி கேப்சர் கருவிகள் இதே இடங்களில் ஃபிரேம்களைத் தவறவிடும். அது முதலில் தெரியாது. இரண்டாவது மணி நேரத்தில் உதடும் குரலும் பிரிந்த பிறகுதான் தெரியவரும். தடுமாறும் சிக்னலின் நேரத்தைச் சீராக்கும் டைம் பேஸ் கரெக்டர் என்ற கருவி இருந்தால் நல்லது. இல்லையென்றால் பொருத்தமான பழைய டிவிடி ரெக்கார்டர் ஒன்றை விசிஆருக்கும் கேப்சர் கருவிக்கும் நடுவே இணைத்தாலே பெருமளவு சரியாகிவிடும்.

கோப்பு 720×576 அளவில், ஃபீல்டுகளைக் கலைக்காமல், எஃப்எஃப்வி1 (FFV1) என்ற சுருக்க வடிவில் வேண்டும் என்று கேளுங்கள். சுருக்காத வீடியோ மணிக்கு ஏறத்தாழ 75 ஜிபி பிடிக்கும், இது தரம் குறையாமல் அதில் பாதி அளவில் அடங்கும். மூன்று மணி நேரக் கேசட்டுக்கு 120 ஜிபி ஒதுக்கி வையுங்கள். பார்ப்பதற்கான நகலைத் தனியாக, விநாடிக்கு 50 ஃபிரேமாக விரித்து, 4:3 விகிதத்தில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி நிரல். ஒவ்வொரு கோப்பிலும் நேரம் உறுதியாகத் தெரியும் ஓர் இடத்தைப் பிடியுங்கள். கோப்பில் 0:06:40-ல் திரைக் கடிகாரம் 9:00 காட்டினால், 0:36:40-ல் வருவது 9:30. ஆனால் பதிவின் நடுவில் யாராவது பாஸ் (pause) பொத்தானை அழுத்தியிருந்தால் கணக்கு அங்கேயே முறிந்துவிடும். அந்த இடத்தைக் கண்டுபிடிப்பது எளிது: குரல் வெட்டுப்படும், பழைய பதிவின் மேல் பதிந்த கேசட்டானால் சில விநாடிகளுக்குத் திரையில் வானவில் நிறங்களும் ஓடலாம். பழைய பதிவை அழிக்கும் ஹெட், பதியும் ஹெட்டுக்குச் சற்று முன்னால் இருப்பதால் இடைப்பட்ட நீளம் அழியாமலேயே மேலே பதிவாகிவிடும், அதுதான் காரணம். அதற்குப் பிறகு புதிதாக ஒரு நேரத்தைப் பிடிக்க வேண்டும். கடிகாரம் இல்லாவிட்டால் செய்தி தொடங்கும் நேரம் உதவும். ஆண்டு தெரியவில்லையென்றால் விளம்பரங்களைப் பாருங்கள். சலுகை முடியும் தேதியை அவையே சொல்லும்.

நூலகத்தில் அந்த நாளின் செய்தித்தாள் கிடைத்தால் அதில் அச்சான நிரலோடு ஒப்பிடலாம். இரண்டும் முரண்பட்டால் கேசட்டை நம்புங்கள். செய்தித்தாளில் வந்தது முன்கூட்டியே கொடுத்த பட்டியல். கிரிக்கெட் நீண்டாலோ, தலைவர் ஒருவர் இறந்தாலோ மாறிப்போயிருக்கும்.

இப்படித் திரட்டிய நேரங்களை எம்கேவி (MKV) என்ற வகை வீடியோ கோப்பில் அத்தியாயக் குறிகளாகப் போட்டுவிடுங்கள். எம்கேவிடூல்நிக்ஸ் (MKVToolNix) என்ற இலவச மென்பொருள் போதும். விளம்பரம் வேண்டாம் என்கிறவர்கள் தாண்டிப் போகலாம், கோப்பில் எதுவும் குறையாது. நீங்கள் பார்க்கும்போது அதே மணிக்கு ஓடவிட்டு, ரிமோட்டைத் தொடாமல் பாருங்கள்.

கோப்புகளை இரண்டு ஹார்டு டிஸ்கில் போட்டு, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். கேசட்டுகளை முழுக்கச் சுற்றி, புத்தகம்போல் நிமிர்த்தி, பரணில் அல்லாமல் ஈரமும் சூடும் இல்லாத அலமாரியில் அடுக்குங்கள். முதல் தடவை சரியாக ஏறாத பகுதியை நல்ல கருவி கிடைக்கும்போது மறுபடி எடுக்க அவை வேண்டியிருக்கும்.